டீச்சரின் சாவிக்கொத்து

2022 ஆகஸ்ட் மாதம். டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் அப்போது குடியிருந்தோம். மகள் அந்த வருடம்தான் கிண்டர்கார்டன் சேர்ந்தாள். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் ஒரு மாலையில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மதிய உணவு, பஸ், வீட்டுப்பாடம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு அப்பா கையைத் தூக்கினார்.

"டீச்சர், உங்களிடம் துப்பாக்கி இருக்குமா?"

வகுப்பறை சட்டென்று அமைதியானது. டெக்சாஸில் இது கற்பனைக் கேள்வி கிடையாது. பள்ளி வாரியம் எழுத்தில் அனுமதி கொடுத்தால் ஆசிரியர் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அதே மாநிலத்தில், எங்கள் வீட்டிலிருந்து ஆறு மணி நேரக் கார் தூரத்தில் இருக்கும் யுவால்டியில், 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் வகுப்பறைக்குள் சுட்டுக்கொல்லப்பட்டு மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

டீச்சருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "இந்த அறையில் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை என் சாவிக்கொத்தைத் தொலைக்கிறேன். என்னிடமா துப்பாக்கியைக் கொடுக்கப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தோம். கேட்டவரும் சிரித்தார். நானும்தான். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அவர் "இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் அன்று இரவு நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். துப்பாக்கியே பிடிக்காத, தொட்டுக்கூடப் பார்த்திராத எனக்கு அந்த ஆசை வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

*

ஆசிரியர் கையில் துப்பாக்கி வேண்டும் என்பவர்கள் முதலில் சொல்வது மிசிசிப்பி மாநிலத்தின் பேர்ல் என்ற ஊரைத்தான். 1997 அக்டோபர் 1. பதினாறு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் தன் அம்மாவைக் கொன்றுவிட்டு, ரைஃபிளோடு பள்ளிக்கு வந்து இரண்டு மாணவிகளைச் சுட்டுக்கொன்றான். ஏழு பேர் காயப்பட்டார்கள். பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் வெளியே நின்ற தன் டிரக்குக்கு ஓடி, அதிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்துவந்து, காரில் தப்பப் பார்த்தவனை மடக்கிப் பிடித்தார். போலீஸ் வரும்வரை விடவில்லை.

இது உண்மை. இதை மறுத்துவிட்டு மேலே பேச முடியாது. கூடவே இரண்டு விஷயங்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அவர் ராணுவத்தின் ரிசர்வ் படையில் பயிற்சி பெற்றவர். அவர் துப்பாக்கியை நீட்டியபோது பள்ளிக்குள் நடந்த சுடுதல் முடிந்துவிட்டது. அவன் அடுத்து எங்கே போயிருப்பான் என்பதுதான் விவாதம். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

துப்பாக்கியை ஏன் வெளியே டிரக்கில் வைத்திருந்தார்? அது சட்டத்தின் கதை. 1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பள்ளி வட்டாரங்களில் துப்பாக்கியைத் தடை செய்தது. 1992-ல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ரிவால்வரோடு பள்ளிக்கு வந்து பிடிபட்டான். அவன் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இப்படிச் சட்டம் போட மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்று 1995-ல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே வார்த்தைகளைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார்கள். பள்ளியே அனுமதித்தவர்களுக்கும் மாநில உரிமம் பெற்றவர்களுக்கும் அதில் விலக்கு இருக்கிறது. இன்று நடக்கும் விவாதமெல்லாம் அந்த விலக்கு என்னும் சின்னச் சந்து வழியாகத்தான் நடக்கிறது.

அந்தச் சந்துக்குள் துணிந்து நுழைந்த ஊர்களில் ஒன்று ஹாரல்ட். டெக்சாஸின் வடக்கு எல்லை, ஓக்லஹோமாவுக்குப் பக்கம். மொத்தப் பள்ளிக்கும் நூற்றிச் சொச்சம் மாணவர்கள். 2008-ல் இந்தப் பள்ளி தன் ஊழியர்களைத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதித்தபோது நாடு முழுக்கச் செய்தி. அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது: ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஆள் வந்துசேர ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். போலீஸ்காரரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளப் பணமில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரை மணி நேரம் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் நூறு பிள்ளைகளை வைத்திருப்பவர் என்ன செய்வார்? நானாக இருந்தாலும் அதைத்தான் யோசித்திருப்பேன். ஆனால் அவர்களுடைய காரணத்துக்குள்ளேயே வேறொரு செய்தியும் இருக்கிறது. துப்பாக்கி அங்கே ஆசிரியரின் வீரத்தால் வரவில்லை. வரவேண்டிய ஆள் வரமாட்டார் என்பதால் வந்தது.

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். ஒரே வாரத்தில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான வெய்ன் லபியர், கெட்டவன் கையிலிருக்கும் துப்பாக்கியை நல்லவன் கையிலிருக்கும் துப்பாக்கிதான் நிறுத்தும் என்று அறிவித்தார். ஹாரல்டில் பணமில்லாத ஒரு பள்ளி எடுத்த முடிவு நாட்டின் கொள்கைப் பேச்சாக மாறியது அப்போதுதான். 2013-ல் தெற்கு டகோட்டாவும் டெக்சாஸும் புதுச் சட்டங்கள் கொண்டுவந்தன. 2018-ல் ஃபுளோரிடாவின் பார்க்லண்டில் 17 பேர் இறந்த பிறகு அதிபர் டிரம்ப், ஆசிரியர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற ரீதியில் பேசினார். 2022-ல் ஒஹையோ, ஆயுதம் வைத்துக்கொள்ளும் பள்ளி ஊழியருக்கான பயிற்சியை 700 மணி நேரத்துக்கு மேலிருந்து அதிகபட்சம் 24 மணி நேரமாகக் குறைத்தது. 24 மணி நேரம். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரை ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸைத் தொடவிட அதைவிட அதிக நாள் எடுத்துக்கொள்வோம்.

*

சரி, நல்லவன் கையில் துப்பாக்கி இருந்த இடங்களில் என்ன நடந்தது?

1999 ஏப்ரல் 20, கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி. அங்கே ஆயுதம் தாங்கிய காவலர் இருந்தார். வாசலுக்கு வெளியே சுமார் அறுபது கஜத் தூரத்திலிருந்து அவர் சுட்டார். படவில்லை. 12 மாணவர்களும் ஒரு ஆசிரியரும் இறந்தார்கள். பார்க்லண்டிலும் ஆயுதம் தாங்கிய காவலர் இருந்தார். கொலைகள் நடந்த கட்டடத்துக்குள் அவர் போகவேயில்லை. அவர்மேல் வழக்கு நடந்து 2023-ல் விடுதலையானார்.

அப்புறம் யுவால்டி. டெக்சாஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கை 2022 ஜூலையில் வெளியானது. ஐ.டி. வேலையில் சர்வர் படுத்துவிட்டால் பிறகு 'போஸ்ட்மார்ட்டம்' எழுதுவோம். யார் தப்பு என்று தேடாமல், எது எதனால் உடைந்தது என்று நிமிட வாரியாக எழுதும் கோப்பு. அந்தப் பழக்கத்தில்தான் அறிக்கையைத் திறந்தேன். இடையில் இரண்டு தடவை மூடி வைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

அன்று அந்தப் பள்ளிக்கு வந்த காவல் துறையினர் 376 பேர். சுட்டவனை அவர்கள் வீழ்த்த ஆன நேரம் 77 நிமிடம். இவ்வளவுதான் பொதுவாக எல்லோருக்கும் தெரியும். அறிக்கையில் இன்னும் இருக்கிறது. சுட்டவனுக்கு வயது 18. பதினெட்டு நிறைந்த சில நாட்களிலேயே இரண்டு ரைஃபிள்களைச் சட்டப்படி கடையில் வாங்கினான். பள்ளிக்குள் அவன் சுட்ட சுமார் 142 தோட்டாக்களில் நூற்றுக்கும் மேல் முதல் சில நிமிடங்களில், எந்தக் காவலரும் கட்டடத்துக்குள் கால் வைக்கும் முன்பே சுடப்பட்டுவிட்டன.

ஆசிரியருக்குத் துப்பாக்கி கேட்பவர்களின் பலமான வாதம் இந்த வரியில்தான் இருக்கிறது. அந்த முதல் நிமிடங்களில் அங்கே இருந்தவர்கள் பிள்ளைகளும் ஆசிரியைகளும் மட்டுமே. வேறு யாரும் இல்லை.

அதனால் கேள்வியை இப்படி வைத்துப் பார்த்தேன். அந்த நிமிடத்தில், நான்காம் வகுப்பு டீச்சர் ஒருவர், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் அறையில், ஏ.ஆர்-15 வகை ரைஃபிளோடு வருபவனைக் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தும் வாய்ப்பு எவ்வளவு? நியூயார்க் போலீஸைப் பற்றி ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-ல் ஒரு அறிக்கை தந்தது. 1998 முதல் 2006 வரையிலான பதிவுகளில், எதிராளியும் திருப்பிச் சுடும் மோதல்களில் போலீஸாரின் தோட்டா இலக்கில் பட்டது சராசரியாக 18 சதவீதம். வருடாவருடம் பயிற்சி எடுக்கும், அதையே தொழிலாகக் கொண்டவர்களின் கணக்கு இது. மீதி 82 சதவீதத் தோட்டாக்கள் எங்கோ போகின்றன. வகுப்பறையில் 'எங்கோ' என்று ஒரு இடம் கிடையாது. எல்லா இடத்திலும் பிள்ளைகள்தான்.

2021-ல் ஜாமா மருத்துவ இதழ்க் குழுமத்தில் வந்த ஆய்வு ஒன்று 1980 முதல் 2019 வரை நடந்த 133 பள்ளிச் சம்பவங்களை எடுத்துக்கொண்டது. ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் இறப்பு விகிதம் 2.83 மடங்கு அதிகம். இதைப் படித்துவிட்டு "காவலரால்தான் அதிகம் செத்தார்கள்" என்று சொன்னால் அது தப்பான கணக்கு. இரண்டும் சேர்ந்து நடக்கின்றன என்பதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. ஆனால் "துப்பாக்கி இருக்கும் என்று தெரிந்தால் வரமாட்டான்" என்ற நம்பிக்கைக்கு இந்த எண்ணில் ஆதரவு எதுவும் இல்லை. இப்படி வருபவர்களில் பலர் சாகத் தயாராக வருகிறார்கள். சாவதற்கென்றே வருபவனைச் சாவைக் காட்டிப் பயமுறுத்த முடியாது.

*

இதுவரை பேசியது அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி. மற்ற நிமிடங்களைப் பற்றி எனக்கு முதலில் பேசியது என் அப்பா.

அப்பா கோபிச்செட்டிபாளையம் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியார். ஞாயிறு காலையில் வீடியோ காலில் வருவார். பெற்றோர் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். நான் எதிர்பார்த்தது போலச் சிரித்தார். "பெரம்பையே வேண்டாம்னு சட்டம் போட்டாச்சு. அங்க துப்பாக்கியா கண்ணு?" அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஒண்ணு சொல்றேன் கேளு. நானும் பெரம்பு வெச்சிருந்தவந்தான். நாளாக நாளாக அடிக்கறதை விட்டுட்டேன். ஆனா மேசை மேல அது கெடக்கும். அடிக்கவே வேண்டாம், கெடந்தாப் போதும். பசங்க எம் மூஞ்சியப் பாக்க மாட்டானுங்க, அதையத்தான் பாப்பானுங்க. ஒருத்தன் சந்தேகம் கேக்க எந்திரிச்சாக்கூட ஒரு கண்ணு அதும் மேல இருக்கும். ரிட்டயராவறதுக்கு அஞ்சு வருசம் முன்னாடிதான் எடுத்து ஒடச்சுப் போட்டேன். அப்புறந்தான் கணக்கு ஒழுங்கா நடத்தினேன்னு நெனைக்கறேன்."

பிரம்பும் துப்பாக்கியும் ஒன்றல்ல. அமெரிக்காவில் ஆசிரியர் வைத்திருக்கும் துப்பாக்கி மறைவாக இருக்கும். டென்னசியின் 2024 சட்டப்படி, பிள்ளையின் ஆசிரியரிடம் துப்பாக்கி இருக்கிறதா என்பது பெற்றோருக்கே தெரிவிக்கப்படாது. ஆனாலும் அப்பா சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. பயன்படாமல் இருக்கும் நேரத்திலும் அந்தப் பொருள் அறைக்குள் எதையோ செய்துகொண்டிருக்கிறது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சுமார் 32 லட்சம் ஆசிரியர்கள். டிரம்ப் சொன்ன ஐந்தில் ஒரு பங்கு என்றால் 6.4 லட்சம் பேர். வருடத்துக்கு 180 பள்ளி நாட்கள். பெருக்கினால் ஆண்டுக்கு 11 கோடிக்கும் மேற்பட்ட 'துப்பாக்கி நாட்கள்'. பத்து லட்சம் நாளுக்கு ஒரு நாள் மட்டும் ஏதோ ஒன்று தவறிப்போகிறது என்று சும்மா வைத்துக்கொள்வோம். பையைக் கழிவறையில் மறந்துவிடுவது, மாணவன் கைக்குப் போவது, தவறுதலாக வெடிப்பது, இப்படி. அந்த மிகக் குறைந்த அனுமானத்திலேயே வருடத்துக்கு நூற்றுக்கும் மேல்.

தவறிப்போகுமா என்றால், போயிருக்கிறது. 2014-ல் யூட்டா மாநிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையின் துப்பாக்கி பள்ளிக் கழிவறையில் வெடித்தது. குண்டு பட்ட கழிப்பறைப் பீங்கான் சிதறி அவர் காலில் காயம். 2018 மார்ச்சில், பார்க்லண்டுக்கு ஒரு மாதம் கழித்து, கலிஃபோர்னியாவின் சீசைடில் ஒரு ஆசிரியர் வகுப்பில் பாதுகாப்பு பற்றிப் பாடம் நடத்தும்போது அவர் துப்பாக்கி கூரையை நோக்கி வெடித்தது. ஒரு மாணவனுக்குக் கழுத்தில் காயம். அந்த ஆசிரியர் ரிசர்வ் போலீஸ் அதிகாரியும்கூட.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. அமெரிக்க ரகசியச் சேவையும் கல்வித் துறையும் சேர்ந்து 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்கள், 41 தாக்குதல்காரர்கள். அதில் 95 சதவீதம் பேர் அந்தந்தப் பள்ளியில் அப்போது படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். மூன்றில் இரண்டு சம்பவங்களுக்கும் மேல் துப்பாக்கி வந்தது சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான். ஐந்தில் நான்கு சம்பவங்களில் இப்படி ஏதோ நடக்கப் போகிறது என்று வேறு யாராவது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது.

அப்படியென்றால் கதவைத் திறந்துகொண்டு வரும் 'கெட்டவன்' யார்? போன வருடம் அந்த டீச்சரிடம் பெருக்கல் வாய்ப்பாடு படித்த பையன். பெயர் தெரியும். அவன் அம்மாவைத் தெரியும். அவனைப் பார்த்த அரை நொடியில், அவன் முகத்தில், தயங்காமல் சுடவேண்டும். தயங்கினால் மற்ற பிள்ளைகள் போவார்கள். தயங்காத ஆளாக ஒருவரைத் தயார்செய்ய 24 மணி நேரம் போதாது என்பது பாதிப் பிரச்சினைதான். தயார்செய்துவிட்டால், அப்புறம் அவர் என் மகளுக்கு ஷூலேஸ் கட்டச் சொல்லிக்கொடுக்கும் அதே ஆளாக இருப்பாரா என்பது மீதிப் பாதி.

*

இத்தோடு முடித்திருந்தால் எனக்கு வசதி. ஆனால் என் வாதத்துக்கு எதிரான மிகப் பெரிய சாட்சி அமெரிக்காவில் இல்லை, பாகிஸ்தானில் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு ஆயுதம் என்பதை ஒரு மாகாண அரசே கையில் எடுத்த இடம் அது.

2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் ராணுவப் பள்ளிக்குள் தாலிபான்கள் புகுந்தார்கள். 130-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். தலைமையாசிரியை தாஹிரா காஜியும் இறந்தார். அடுத்த மாதமே கைபர் பக்துன்க்வா மாகாண அரசு ஆசிரியர்கள் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரலாம் என்றது. ஆசிரியைகள் போலீஸ் மைதானத்தில் சுடக் கற்றுக்கொள்ளும் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அரசு சொன்ன காரணம்: எல்லாப் பள்ளிக்கும் நிறுத்த எங்களிடம் போலீஸ் இல்லை. ஹாரல்ட் சொன்ன அதே காரணம், உலகத்தின் மறு கோடியில், வேறு மொழியில். எங்கள் வேலை எழுதுகோலோடுதான் என்று ஆசிரியர் சங்கத்தினர் எதிர்த்தார்கள்.

2016 ஜனவரி 20. அதே மாகாணத்தின் சார்சத்தாவில் பாச்சா கான் பல்கலைக்கழகம். பாச்சா கான் என்றால் நாம் பள்ளியில் 'எல்லைக் காந்தி' என்று படித்த கான் அப்துல் கஃபார் கான். துப்பாக்கியை ஆபரணம்போல அணிந்த பட்டாணியர்களிடம் அதைக் கீழே போடச் சொன்னவர். 1921-ல் சொந்த ஊரான உத்மான்சாயில் பள்ளி தொடங்கியவர். 1929-ல் ஆயுதமற்ற தொண்டர் படையைக் கட்டியவர். அன்று அவருடைய நினைவு நாள். அவர் பெயரில் கவியரங்கம் ஏற்பாடாகியிருந்தது. காலைப் பனிமூட்டத்தில் நான்கு பேர் துப்பாக்கிகளோடு உள்ளே வந்தார்கள். இருபது பேருக்கும் மேல் இறந்தார்கள்.

சையது ஹமீத் ஹுசைன் அங்கே வேதியியல் உதவிப் பேராசிரியர். முப்பதுகளில் இருந்தவர், இரண்டு குழந்தைகளின் அப்பா. அவரிடம் கைத்துப்பாக்கி இருந்தது. மாணவர்களை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் திருப்பிச் சுட்டார். கிடைத்த இடைவெளியில் மாணவர்கள் சிலர் தப்பினார்கள். அவர் இறந்துபோனார்.

அந்த மாணவர்களில் ஒருவனின் அப்பாவிடம் போய் நான் மேலே போட்ட பதினொரு கோடிக் கணக்கைச் சொல்ல முடியுமா? முடியாது. அவருடைய மகனைக் காப்பாற்றியது அந்தத் துப்பாக்கி. கஃபார் கானின் பெயர் கொண்ட வளாகத்தில், அவருடைய நாளில், ஒரு வாத்தியார் சுட்டது சரியா தப்பா என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. அவருக்கு முன்னால் கை கூப்ப மட்டும்தான் தோன்றுகிறது.

ஆனால் அதே மாகாணத்தில், அதற்கு முந்தைய ஆண்டு, ஆசிரியர்களுக்கு அனுமதி வந்து சில மாதங்களில், மிங்கோரா நகரில் ஒரு ஆசிரியர் பள்ளியில் தன் துப்பாக்கியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அது வெடித்தது. பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் இறந்தான். அன்று பள்ளியைத் தாக்க யாரும் வரவில்லை. அந்தப் பையனுக்கும் ஒரு அப்பா இருப்பார்.

ஒரே அனுமதி, ஒரே மாகாணம், ஒரு வருடத்துக்குள். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று கழித்து விடை சொல்லும் கணக்கு எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். சார்சத்தா போன்ற நாள் ஒரு பள்ளியின் வாழ்நாளில் வராமலே போகலாம். மிங்கோரா போன்ற நாள் எந்தச் சாதாரண செவ்வாய்க்கிழமையிலும் வரலாம். எல்லாப் பள்ளியிலும் எல்லா நாளும் ஓடப்போகும் திட்டத்தை அந்த செவ்வாய்க்கிழமையை வைத்துத்தான் எடைபோட வேண்டும். ஹமீத் ஹுசைனைப் பார்த்துவிட்டு ஒரு அரசு கேட்டுக்கொள்ள வேண்டியது, "இன்னும் ஆயிரம் ஆசிரியர்களுக்குத் துப்பாக்கி கொடுக்கலாமா" என்பதல்ல. "அவரைத் தனியாக நிற்க விட்டோமே" என்பது.

*

துப்பாக்கி வேண்டாம் என்றால் பிறகு என்னதான் செய்வது? நண்பர் ஒருவர் கோபமாகவே கேட்டார். ராண்ட் நிறுவனம் 2023-ல் அமெரிக்க ஆசிரியர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பில் 54 சதவீதம் பேர் ஆசிரியரிடம் துப்பாக்கி இருந்தால் பள்ளியின் பாதுகாப்பு குறையும் என்றார்கள். கூடும் என்றவர்கள் 20 சதவீதம். யார் கையில் கொடுக்கப் போகிறோமோ அவர்களிலேயே பாதிக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் இதுவும் பதிலாகாது. அவர் கேட்டது மாற்று வழி.

வரலாற்றில் கொஞ்சம் பதில் இருக்கிறது. 2013 ஆகஸ்டில் ஜார்ஜியா மாநிலத்தின் டிகேட்டர் அருகே ஒரு தொடக்கப் பள்ளிக்குள் இருபது வயது இளைஞன் ரைஃபிளும் ஏறத்தாழ 500 தோட்டாக்களுமாக நுழைந்தான். எதிரில் இருந்தவர் அன்டோய்னெட் டஃப், பள்ளியின் கணக்கெழுதும் ஊழியர். அவர் கையில் இருந்தது டெலிஃபோன் மட்டும். தன் வாழ்க்கையில் பட்ட அடிகளை அவனிடம் சொன்னார். நானும் சாக நினைத்தவள்தான், இப்போது நன்றாக இருக்கிறேன் பார் என்றார். உன்னை நேசிக்கிறேன் என்றார். அவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் படுத்தான். யாருக்கும் காயமில்லை. இதையும் திட்டமாக்க முடியாது. எல்லோருக்கும் அந்த வார்த்தைகள் வாய்க்காது. ஆனால் பேர்ல் ஒரு உதாரணம் என்றால் டிகேட்டரும் ஒரு உதாரணம்தான்.

திட்டமாக்கக்கூடியவை சுவாரசியமில்லாதவை. வீட்டுத் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது. முன்பே தெரிந்த அந்த 'ஒருவர்' தயங்காமல் வந்து சொல்வதற்கு ஒரு ஆளை வைப்பது. பிறகு, கதவு.

சாண்டி ஹூக்கில் வகுப்பறைக் கதவுகளை வெளியிலிருந்து சாவி போட்டுத்தான் பூட்ட முடியும். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் டீச்சர் சாவியோடு நடைவழிக்கு வந்தால்தான் கதவு பூட்டும். மாநிலம் அமைத்த ஆலோசனைக் குழு 2015-ல் தந்த அறிக்கையில் முக்கியமாகச் சொன்னது, வகுப்பறைக் கதவுகளை உள்ளிருந்தே பூட்ட முடியவேண்டும் என்பது. ஏழு வருடம் கழித்து யுவால்டியில், 111-ஆம் எண் அறையின் பூட்டு சரியாக விழாது என்பது பள்ளியில் பலருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லும் வேலை ஆணை மட்டும் எழுதப்படவில்லை. அந்த வட்டாரத்தில் போலீஸ் துரத்தல்கள் அதிகம், அதனால் எச்சரிக்கை அடிக்கடி வந்து வந்து, கடைசியில் உண்மையான எச்சரிக்கை வந்தபோது அதுவும் வழக்கமானதாகவே பட்டது என்றும் அறிக்கை சொல்கிறது. என் தொழிலில் இதை நன்றாகத் தெரியும். நடு இரவில் நாற்பது தடவை சும்மா அடித்த அலாரத்தின் நாற்பத்தொன்றாவது மணியை யாரும் எழுந்து பார்ப்பதில்லை.

அறிக்கையின் அந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் டீச்சரின் சாவிக்கொத்து நினைவுக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

அக்டோபரில் அடுத்த பெற்றோர் கூட்டம். கையைத் தூக்கினேன். "வகுப்பறைக் கதவை உள்ளிருந்து பூட்ட முடியுமா? எல்லாப் பூட்டும் வேலை செய்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" துப்பாக்கிக் கேள்விக்கு வந்த அமைதி இதற்கு வரவில்லை. யாரோ கைபேசியைப் பார்த்தார்கள். பிரின்சிபால் நோட்டில் குறித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு ஆள் வந்து ஒவ்வொரு அறையாகப் பூட்டைப் பார்த்துவிட்டுப் போனதாக மின்னஞ்சல் வந்தது. மூன்று பூட்டுகளை மாற்றியிருந்தார்கள். எங்கள் அறையின் எண் அதில் இருந்தது.

மகள் அந்த வருடம் வீட்டில் ஒரு விளையாட்டு விளையாடுவாள். பொம்மைகளைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் வரிசையாக வைத்து, விளக்கை அணைத்து, உதட்டில் விரல் வைப்பாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஒத்திகை. முதல் தடவை பார்த்தபோது மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். நான் மேசைக்கு அடியில் குனிந்து, "டீச்சர் எங்கே?" என்று கேட்டேன்.

"டீச்சர் கதவைப் பூட்டப் போயிருக்காங்க. சாவியைத் தேடுறாங்க. ஷ்ஷ், பேசாதப்பா."

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் டீச்சருக்குப் பரிசு வாங்கவேண்டும் என்றாள். என்ன வாங்கலாம் என்று கேட்டோம். கழுத்தில் சாவியை மாட்டிக்கொள்ளும் கயிறு ஒன்றை அவளே தேர்ந்தெடுத்தாள். ஊதா நிறம், நடுவில் மஞ்சள் நட்சத்திரங்கள். ஜனவரியில் பள்ளி திறந்த அன்று அவளை விடப் போனபோது டீச்சர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். ஒரு கை சாவிகளைப் பிடித்திருந்தது. இன்னொரு கை ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது.